கட்டத் திரைக்கு முன்னால்

இந்திய நவீனக் கலையின் கதை – 34

எட்கர் தர்ஸ்டன் 1885இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். மருத்துவம் படித்தவர். 1908 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். எழும்பூர் மியூசியத்தைப் பார்க்க வந்தவர்கள் தொடங்கி, நீலகிரியிலும் வயநாட்டிலும் வாழ்ந்த பழங்குடிகள் வரை ஆயிரக்கணக்கானோரின் மண்டையையும் மூக்கையும் அவர் கருவி வைத்து அளந்தார். அளந்தவற்றையும் கேட்டறிந்தவற்றையும் கே. ரங்காச்சாரியின் துணையோடு தொகுத்து, 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய அந்த நூலை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள்.

அதில் ஒரு சம்பவத்தை அவரே பதிவு செய்திருக்கிறார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவர் தலையைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார்களாம். தங்களில் பார்க்க நன்றாக இருப்பவர்களைப் பிடித்துக்கொண்டுபோய், பாடம் செய்து சென்னை மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்று அஞ்சினார்களாம். தர்ஸ்டன் இதை வேடிக்கையாகச் சொல்கிறார். எனக்கோ அந்தப் பெண்கள் அவரைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்று தோன்றுகிறது. உயிரோடு இருக்கும் ஒருத்தியை ஓர் இனத்தின் மாதிரி ஆக்கி, நிறுத்தி, எண்ணிட்டு, அடுக்கில் வைப்பதுதான் அவர் செய்துகொண்டிருந்த வேலை.

அந்த வேலைக்குக் கேமரா வசதியான கருவி. 1869இல் லண்டனில் ஜான் லாம்ப்ரே ஒரு முறையை முன்வைத்தார். மரச்சட்டத்தில் பட்டு நூல்களைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, இரண்டு அங்குலச் சதுரங்களாகப் பிரிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஆளை ஆடையின்றி நிறுத்திப் படமெடுக்க வேண்டும். உலகின் எந்த மூலையில் எடுத்த உடலையும் இன்னொரு மூலையில் எடுத்த உடலோடு கட்டம் எண்ணி ஒப்பிடலாம். 1890களில் அந்தமானில் அதிகாரியாக இருந்த எம்.வி. போர்ட்மன், அத்தீவுகளின் மக்களை இப்படிக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்துக் குவித்தார். நீலகிரித் தோடர்கள் அதற்கு முன்பே ஆங்கிலேயரின் பெருவிருப்பமாகியிருந்தார்கள். டபிள்யூ.இ. மார்ஷல் என்ற படை அதிகாரி தோடர்களின் மண்டை அமைப்பைக் கொண்டு அவர்களின் குணத்தைக் கணிக்கப் புறப்பட்டு, 1873இல் படங்களோடு ஒரு புத்தகமே எழுதினார்.

சுமார் 130 ஆண்டுகள் கழித்து, பெங்களூரில் ஒரு பெண் அதே கட்டத் திரையைச் செய்யவைத்தார். அதற்கு முன்னால் தோடப் பெண்ணாக உடுத்துக்கொண்டு தானே போய் நின்றார். அவர் புஷ்பமாலா என். இந்தப் பகுதி அவரைப் பற்றியது.

1956இல் பெங்களூரில் பிறந்தவர் புஷ்பமாலா. பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் சிற்பம் படித்தார். சென்ற பகுதிகளில் பரோடாவைப் பற்றி நிறையவே பார்த்துவிட்டோம். கே.ஜி. சுப்பிரமணியன் அங்கே கற்பித்த முதன்மையான பாடம், கைவினைஞரின் பொருளையும் கலைஞரின் பொருளையும் பிரிக்கும் சுவரை நம்பாதே என்பது. சுடுமண், காகிதக்கூழ், பொம்மை, பொருட்காட்சித் தட்டி எதுவும் கலைக்கு உதவும். பூபேன் கக்கர் அதை ஓவியத்தில் எடுத்துக்கொண்டார். நாட்காட்டிப் படமும் கடைத்தெருப் பலகையும் அவருடைய தூரிகையில் ஏறின. புஷ்பமாலா சுடுமண்ணில் உருவங்கள் செய்தார். 1986இல் டெல்லியில் நடந்த ஆறாவது இந்திய மூவாண்டுக் கண்காட்சியில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

இப்படி ஓரளவு பெயர் பெற்ற சிற்பி 1990களின் நடுவில் சிற்பத்தை விட்டு விலகினார். பாபர் மசூதி இடிப்பும் அதைத் தொடர்ந்த பம்பாய்க் கலவரமும் அந்தத் தலைமுறைக் கலைஞர்களில் பலரை உலுக்கின. விவான் சுந்தரம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நிறுவல் கலைக்குப் போனதும், நளினி மலானி சுவரில் வரைந்து அழித்ததும் இந்த ஆண்டுகளில்தான். ‘நாம் யார்’ என்ற கேள்வி அதுவரை கலைப்பள்ளி விவாதங்களில் வந்துபோனது. இப்போது அது தெருவில் ஆளின் பெயரைக் கேட்டு வெட்டும் கேள்வியாகிவிட்டது. பழைய ஊடகங்களில் அதற்கு இடம் போதவில்லை. புஷ்பமாலா எடுத்துக்கொண்ட புது ஊடகம் அவருடைய உடல். கேமராவுக்கு முன்னால் போய் நிற்க ஆரம்பித்தார்.

முதலில் வந்தது ‘ஃபேன்டம் லேடி அல்லது கிஸ்மத்’. 1996 முதல் 1998 வரை பம்பாயில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களால் ஆன கதை. படங்களை எடுத்தவர் மீனல் அகர்வால். முகமூடியும் தொப்பியும் அணிந்த சாகசக்காரியாகவும், சின்ன வயதில் பிரிந்துபோன அவளுடைய இரட்டைச் சகோதரியாகவும் புஷ்பமாலாவே வருகிறார். சகோதரி, பழைய படங்களில் வில்லனின் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு கிளப்பில் ஆடும் பெண்களின் வகை. ரயில் நிலையம், மாடிப்படி, இருட்டுத் தெரு என்று ஒரு முழுப்படத்தையும் அசையாத சட்டகங்களில் பார்த்துவிடலாம்.

இந்த முகமூடிக்காரி ‘ஃபியர்லெஸ் நாடியா’வின் வாரிசு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்த மேரி ஆன் எவன்ஸ், 1935இல் வாடியா மூவிடோனின் ‘ஹன்டர்வாலி’யில் கையில் சாட்டையோடு குதிரையேறி வந்து இந்திய ரசிகர்களின் நாயகியானார். தமிழிலும் அந்த அலை அடித்தது. 1937இல் வந்த ‘மின்னல் கொடி’யில் கே.டி. ருக்மணி கொள்ளைக்காரியாகச் சண்டையிட்டதைப் பழைய ரசிகர்கள் வெகுகாலம் பேசினார்கள். சாட்டை ஏந்திய பெண் இந்த வரலாற்றில் இன்னொரு முறையும் வருவாள்.

வேறு ஊர்களிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. நியூயார்க்கில் சிண்டி ஷெர்மன் 1977இலிருந்து, எந்தப் படத்திலும் இல்லாத சினிமாக் காட்சிகளில் தன்னையே நாயகியாக வைத்துப் படமெடுத்தார். ஜப்பானில் யசுமாசா மொரிமுரா 1985இல் காதில் கட்டுப்போட்ட வான்கோவாக நின்றார். இவர்களோடு புஷ்பமாலாவை ஒப்பிடாத விமர்சகர் குறைவு. ஒப்பீடு தவறில்லை, ஆனால் பாதிவழிதான் கூட்டிச்செல்லும். ஷெர்மனின் பெண்ணுக்குப் பின்னால் ஹாலிவுட் இருக்கிறது. புஷ்பமாலாவின் பெண்ணுக்குப் பின்னால் சினிமாவோடு கோயில், மியூசியம், போலீஸ் ஸ்டேஷன், ஸ்டூடியோ எல்லாம் இருக்கின்றன. இந்தியாவில் பெண்ணின் பிம்பத்தைத் தயாரித்த இடங்கள் அத்தனை.

ஸ்டூடியோ என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். மும்பை தாதரில் ஜே.எச். தக்கர் நடத்திய இந்தியா போட்டோ ஸ்டூடியோ, 1950களின் ஹிந்தி நட்சத்திரங்கள் வரிசையில் வந்து படமெடுத்துக்கொண்ட இடம். முகத்தில் ஒளியைச் செதுக்குவதில் தக்கர் விற்பன்னர். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் புஷ்பமாலா அவரிடமே போய், அவருடைய விளக்குகளின் கீழேயே அமர்ந்து, நவரசங்களையும் ஒவ்வொரு படமாக எடுத்துக்கொண்டார். பரத முனிவரின் இலக்கணமும் பம்பாய் சினிமாவின் விளக்கொளியும் ஒரே முகத்தில் கூடின. ஒருவரைப் போல நடிப்பதோடு நில்லாமல், அந்தப் பிம்பத்தை உண்டாக்கிய தொழிலையே தேடிப்போய் அந்தத் தொழிலாளியின் கையாலேயே செய்யவைப்பது அவருடைய தனி வழி.

இனி, இந்தப் பகுதியின் நடுநாயகமான படைப்பு. ‘தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்: பழக்கங்களும் வழக்கங்களும்’. 2000 முதல் 2004 வரை, பெங்களூரில் வாழும் பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து செய்தது. பழைய இனவரைவியல் புத்தகத்தின் தலைப்பைப் போலவே பெயர் வைத்திருக்கிறார்கள். தொகுப்பில் பல பிரிவுகள். முதல் பிரிவில் பத்துப் பெண் ‘வகைகள்’. பத்தும் ஏற்கெனவே இருக்கும் பத்துப் படங்களின் மறு உருவாக்கம். பத்திலும் புஷ்பமாலாவே நிற்கிறார்.

அந்தப் பத்தில் சிலரைப் பார்த்தாலே தமிழ் வாசகருக்கு முகங்கள் பழக்கப்பட்டவையாக இருக்கும். ரவிவர்மா 1889இல் வரைந்த, நிலவொளியில் நீர்க்கரையில் அமர்ந்திருக்கும் மங்கை. ரவிவர்மா அச்சகத்திலிருந்து வந்து வீட்டுச் சுவரெல்லாம் ஏறிய லட்சுமி. தக்காணச் சிற்றோவியத்து யோகினி. வேளாங்கண்ணி மாதா. பிரிட்டிஷ்காரர் அளவெடுத்த தோடப் பெண். மேரி எல்லன் மார்க் 1989இல் எடுத்த சர்க்கஸ் பெண். கன்னடப் படக் காட்சி ஒன்றின் நாயகி. 2001ஆம் ஆண்டுச் செய்தித்தாளில் வந்த, போலீஸ் பிடித்து நிறுத்திய பெண்கள். 1970களின் தமிழ்ப் படம் ஒன்றில் சாட்டையைச் சொடுக்கும் ஜெயலலிதா.

லட்சுமியை முதலில் எடுத்துக்கொள்வோம். மூலப்படம் எல்லார் கண்ணிலும் இருக்கிறது. தாமரை மீது நிற்கிறாள், நாலு கை, பக்கத்தில் யானை மாலையை நீட்டுகிறது. புகைப்படத்தில் அதே நிலை, அதே நிறம், அதே கருணை. ஆனால் குளமும் யானையும் தீட்டி வைத்தவை என்பது தெரிகிறது, தெரியும்படியே விடப்பட்டிருக்கிறது. பள்ளி ஆண்டுவிழா மாறுவேடப் போட்டியில் பாரதமாதாவாக நிற்கும் குழந்தையின் தலையில், கிரீடம் நழுவாமலிருக்க அம்மா குத்திய ஹேர்பின் நமக்குத் தெரியும். புஷ்பமாலா அந்த ஹேர்பின்னை மறைப்பதில்லை. ‘செய்முறை’ என்றே தொகுப்பில் தனிப் பிரிவு வைத்து, ஒப்பனையும் பின்திரையும் விளக்குகளும் எப்படி அமைக்கப்பட்டன என்பதைக் காட்டவும் செய்தார்.

இதைப் பார்த்தபின் மூலத்துக்குத் திரும்பினால், மூலமும் கலையத் தொடங்குகிறது. ரவிவர்மாவின் லட்சுமி எங்கிருந்து வந்தாள்? 1880களின் இறுதியில் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் 14 புராண ஓவியங்களை அவரிடம் கேட்டார். தேவிகளும் புராண நாயகிகளும் என்ன உடுத்தியிருப்பார்கள், எந்தச் சாயலில் இருப்பார்கள் என்று யாரிடமும் சான்று இல்லை. ரவிவர்மா ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, மராட்டியப் பெண்கள் கட்டும் சேலையைப் பெரிதும் எடுத்துக்கொண்டார். எதிரில் உடுத்தி நிறுத்திய பெண்களையும் புகைப்படங்களையும் நாடகமேடை நிலைகளையும் பார்த்து வரைந்தார். 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, கல்லச்சில் பல வண்ணங்களில் அடித்து நாடெங்கும் அனுப்பினார். ஐம்பது ஆண்டுகளில் அந்த முகம் லட்சுமியின் முகமே ஆகிவிட்டது. அதற்கு முன் இருந்த லட்சுமிகள், சோழர் செம்பிலும் கோயில் தூணிலும் வேறு இடுப்பும் வேறு கண்ணுமாக இருக்கிறார்கள். ஆக, ரவிவர்மா செய்ததும் வேடம் கட்டி நிறுத்திய காட்சிதான். புஷ்பமாலா நகலெடுப்பது இன்னொரு நகலை. அடியில் தோண்டிக்கொண்டே போனால் அசல் பெண் என்று ஒருத்தி எங்கேயும் வந்து நிற்பதில்லை. இந்தத் தொகுப்பின் ஆழமான கண்டுபிடிப்பு இது என்று கருதுகிறேன்.

வேளாங்கண்ணி மாதாவும் அப்படியே. ஐரோப்பாவில் மாதாவுக்கு உரிய அங்கி ஒருவிதம். நம் கடற்கரையில் அவள் சேலை உடுத்துகிறாள், கிரீடம் தரிக்கிறாள், கையில் குழந்தையோடு நிற்கிறாள். வேண்டுதலுக்கு வரும் இந்துப் பெண்ணுக்கும் அவள் அந்நியப்படவில்லை. உடை மாற்றிக்கொண்டதால் அவள் குறைந்துபோகவில்லை, இந்த ஊர்க்காரி ஆனாள். புஷ்பமாலாவின் பத்துப் படங்களில் கேலியின் நெடி சற்றும் இல்லாத படம் எதுவென்று கேட்டால் மாதாவைத்தான் சொல்வேன். உருமாறுவதை ஏமாற்று என்று மட்டும் பார்க்கிறவர்களுக்கு அந்தப் படம் ஒரு பதில்.

ஜெயலலிதாவின் படத்துக்கு வேறு கனம். இந்தத் தொகுப்பு உருவான ஆண்டுகளில் அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தார். ஒரு காலத்தில் இயக்குநர் சொன்னபடி சாட்டையைச் சொடுக்கிய நடிகை, இப்போது அதிகாரிகளும் அமைச்சர்களும் வளைந்து வணங்கும் இடத்தில் அமர்ந்திருந்தார். அவருடைய கட்டவுட்டுகளின் உயரம் சென்னைவாசிகளுக்கு நினைவிருக்கும். சினிமாவில் ஆண் ரசிகனின் கண்ணுக்காகக் கையில் கொடுக்கப்பட்ட சாட்டை, பின்னால் அரசியலில் அவருக்கு எவ்வளவு பயன்பட்டது என்று தனியாக யாராவது எழுதவேண்டும். புஷ்பமாலாவின் புகைப்படம் அந்த அரசியலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பழைய ஸ்டில்லை அப்படியே திரும்ப நிறுத்துகிறது. அந்த ஸ்டில்லில் இருந்த பெண் பின்னால் என்ன ஆனார் என்பதை அறிந்த நாம்தான் மிச்சத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்கிறோம். அசையாப் படத்தால் மட்டும் ஆகக்கூடிய காரியம் இது.

இனி தோடப் பெண்ணும் போலீஸ் பிடித்த பெண்களும். பத்துப் படங்களில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

அளவெடுக்கும் கலை மியூசியத்தோடு நிற்கவில்லை. தர்ஸ்டன் சென்னைப் போலீஸ் அதிகாரிகளுக்கும் அந்த முறையைக் கற்றுக்கொடுத்தார். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. 1911இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஒரு சாதியில் பிறந்ததே ஒருவரைக் குற்றவாளியாகப் பதிவு செய்யப் போதுமானது என்றாகிவிட்டது. ரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். நீ யார் என்பதை நான் எழுதி வைத்திருக்கிறேன், அதற்குக் கீழே உன் ரேகையை வை என்று அரசு சொல்ல, ஊர் மாட்டேன் என்றது. அடையாளம் என்ற சொல்லைக் கலைக்கூடத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருங்காமநல்லூர் நினைவுக்கு வருகிறது.

சட்டம் 1952இல் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. படமெடுக்கும் பழக்கம் மட்டும் நீங்கவில்லை. இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத பெண்களைப் போலீஸ் வரிசையில் நிறுத்துகிறது, மறுநாள் காலையில் நாளிதழில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நாம் காபி குடிக்கிறோம். புஷ்பமாலா அப்படி ஒரு செய்திப்படத்தை எடுத்து, அதில் தான் ஒருத்தியாக நின்றார். தோடப் பெண்ணின் கட்டத் திரையும் அந்தச் செய்திப்படத்தின் சுவரும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் எதிரே நிற்பவளிடம் எப்படி நிற்க விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. லட்சுமியும் இந்தப் பெண்களும் ஒரே தொகுப்பில், ஒரே வரிசையில், ஒரே உடலில் இருக்கிறார்கள் என்பதுதான் பார்ப்பவரைத் தொந்தரவு செய்கிறது. ஒன்றுக்குக் கைகூப்பி இன்னொன்றைக் கண்டு முகம் சுளித்துப் பழகியவர்கள் நாம்.

இங்கே ஒரு கேள்வியைத் தாண்டிப்போகக் கூடாது. ஆங்கிலம் படித்த, பெருநகரத்துக் கலைஞர் ஒருவர் தோடப் பெண்ணாக வேடமிடலாமா? அந்த உடையைக் கழற்றிவைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போகலாம். மூலப்படத்தில் நிற்கும் பெண்ணால் அப்படிப் போக முடியாது. அவளுடைய பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. புகைப்படத்துக்குக் கீழே புஷ்பமாலாவின் பெயர் இருக்கிறது. தோடர்கள் இன்றும் நீலகிரியில் வாழ்கிறார்கள். அவர்களின் பூத்துக்குளிச் சால்வையின் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தங்களைப் பற்றித் தாங்களே பேசவும் எழுதவும் கூடியவர்கள் அவர்கள். அப்படியிருக்க அவர்களுக்காக இன்னொருவர் நிற்பது எதற்கு?

இந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். இந்தப் படைப்பு அதை முழுக்கத் தீர்த்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கேள்வியை மறைக்கவில்லை என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. ஒன்று, கேமராவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பது. படமெடுப்பவர் பிரிட்டிஷ்காரர், வெள்ளைக்காரப் பெண். எதிரே ‘சுதேசி’யாக நிற்பவர் கறுத்த இந்தியப் பெண். நூறாண்டுக்கு முன்னிருந்த அதே ஏற்பாட்டை இருவரும் தெரிந்தே திரும்ப அமைத்தார்கள், ஆனால் இம்முறை படத்தைத் திட்டமிட்டதில் எதிரே நிற்பவருக்கும் சம உரிமை. இன்னொன்று, புஷ்பமாலா தோடப் பெண்ணின் வாழ்க்கையை நடிக்க முயலவில்லை. அவளை எடுத்த படத்தைத்தான் நடிக்கிறார். தோடர் குடியிருப்பான மந்து, எருமை, மலை எதுவும் அதில் இல்லை. திரையும் கட்டங்களும் அளவும்தான் இருக்கின்றன. குற்றவாளிக் கூண்டில் நிற்பது ஆங்கிலேயரின் கேமரா. அந்த அளவில் இந்தப் படம் நேர்மையானது. ஒரு தோடப் பெண் கலைஞர் இதே மூலப்படத்தை எடுத்துக்கொண்டு என்ன செய்வார் என்பதை அவர் செய்யும்போது பார்க்கலாம். அது இதைவிடப் பெரியதாகவே இருக்கும்.

இதன் பிறகு புஷ்பமாலா எடுத்த ஊடகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006இல் ‘பாரிஸ் ஆட்டம்’ (Paris Autumn), கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களையே வரிசையாகக் கோத்து ஒலி சேர்த்த படம். பாரிஸில் ஒரு பழைய மாளிகையில் தங்கப்போன இந்தியப் பெண்ணை அரண்மனைக் காலத்துப் பேய்க்கதை ஒன்று பிடித்துக்கொள்கிறது. 2012இல் ‘ஆவேக’, சீதை, கைகேயி, சூர்ப்பணகை மூவரையும் புகைப்படங்களில் நிறுத்தியது. கம்பனைப் படித்தவர்களுக்கு அந்த மூவரில் யாருக்கு அதிக நியாயம் செய்யப்பட்டிருக்கிறது என்று சண்டைபோட இடமிருக்கிறது. என் கண் சூர்ப்பணகையிடமே போகிறது. பாரதமாதாவையும் விட்டுவைக்கவில்லை. அபனீந்திரநாத் தாகூர் 1905இல் காவியுடையில் வரைந்த துறவி அன்னையிலிருந்து, பகத்சிங்கின் தலையை வாங்கிக்கொள்ளும் நாட்காட்டி அன்னை வரை வந்த வழியை ஒரு தொடராகவே செய்தார்.

2014இல் கொச்சி–முசிறிஸ் பினாலேவுக்காகச் செய்த ‘வாஸ்கோடகாமாவின் வருகை’யில் கொஞ்சம் நிற்கவேண்டும். வாஸ்கோடகாமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தார். 400 ஆண்டு நிறைவைக் கொண்டாடிய 1898இல் ஜோசே வெலோசோ சல்காதோ என்ற போர்ச்சுகீசிய ஓவியர், சாமூதிரி மன்னர் முன்னால் வாஸ்கோடகாமா நிமிர்ந்து நிற்கும் காட்சியைப் பெரிய எண்ணெய் ஓவியமாகத் தீட்டினார். மன்னர் சாய்ந்திருக்கிறார், அவையோர் வியந்து பார்க்கிறார்கள், வந்தவர் மட்டும் அசையாமல் நிற்கிறார். கோழிக்கோட்டு அரண்மனையில் நடந்தது இப்படி இல்லை. கொண்டுவந்த அன்பளிப்புகள் மிக அற்பமென்று அரண்மனையில் சிரித்தார்கள் என்பதைப் போர்ச்சுகீசியரின் பயணக்குறிப்பே ஒப்புக்கொள்கிறது. புஷ்பமாலா அந்த ஓவியத்தை ஆளுயரத் திரையும் அரங்கப் பொருள்களுமாக மீண்டும் கட்டினார். வாஸ்கோடகாமாவாக அவரே நின்றார். தாடியும் தொப்பியும் வாளுமாக நிற்கும் அந்தப் பெண் வாஸ்கோடகாமாவைக் கொச்சியில் காட்சிக்கு வைத்தார்கள். வாஸ்கோடகாமா 1524இல் இறந்ததும், முதலில் புதைக்கப்பட்டதும் அதே ஊரில்தான். பெண் வகைகளை நடித்தவர் வந்தேறிய ஆணை நடிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. அடையாளத்தைத் தயாரிக்கும் வேலை ஆண்டவர்கள் தங்களைப் பற்றியும் செய்துகொண்ட வேலைதான்.

2017 செப்டம்பர் 5ஆம் தேதி பெங்களூரில் தன் வீட்டு வாசலில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் சுட்டுக்கொல்லப்பட்டார். புஷ்பமாலாவுக்கு அவர் நண்பர். மறு ஆண்டு புஷ்பமாலா செய்த நிகழ்த்துகலையின் பெயர் ‘கௌரி லங்கேஷின் அவசர சாறு’. கௌரி சொல்லித் தந்த, சட்டென்று வைக்கக்கூடிய சாற்றைப் பார்வையாளர்களுக்கு முன்னால் நின்று சமைப்பதுதான் நிகழ்ச்சி. கன்னடத்துச் சாறு என்பது நம் ரசத்தின் உறவு. பழைய குடும்பச் சமையல் குறிப்பேடுகளைக் கொண்டு 2004இலேயே ஒரு வீடியோ செய்தவர் அவர், ஆகவே அடுப்படி அவருக்குப் புதிய களமும் இல்லை. ஆனால் அதுவரை பெயரில்லாத பெண்களும் பெயர்போன தேவிகளும் இருந்த இடத்தில் இப்போது கொல்லப்பட்ட ஒரு தோழி இருந்தார். பத்திரிகைகள் கௌரியைப் போராளி என்றன, அவருடைய எதிரிகள் துரோகி என்றார்கள். இரண்டு தரப்பிலும் அவர் ஒரு வகையாகிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்து பசியோடு அவசரமாகச் சாறு வைத்த பெண்ணை யாரும் சொல்லவில்லை. அதைப் புஷ்பமாலா செய்து காட்டினார்.

2019இல் சென்னை போட்டோ பினாலேயின் இரண்டாம் பதிப்புக்கு அவர் கலை இயக்குநராக வந்தார். சேப்பாக்கத்தில் சிஷோம் கட்டிய செனட் இல்லத்துக்குள் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த புகைப்படங்கள் தொங்கின. 1856இலேயே போட்டோகிராபிக் சொசைட்டி ஒன்று தோன்றிய நகரம் இது. அதை முன்னின்று நடத்திய அலெக்சாண்டர் ஹன்டர்தான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியையும் 1850இல் தொடங்கியவர். தர்ஸ்டனின் ஊரில் புகைப்படத்தைப் பற்றி ஒரு மாதம் பேசவைக்க, அந்தக் காலத்துக் கட்டத் திரையைத் திரும்பச் செய்யவைத்தவரை அழைத்தது பொருத்தமான முடிவு.

தன் உடலையே ஊடகமாக்கியவரைப் பார்த்தோம். அதே தலைமுறைக் கொந்தளிப்பிலிருந்து புறப்பட்டு, ஓவியத்தைச் சுழலும் உருளைகளில் ஏற்றி ஒளி பாய்ச்சி, சுவரில் நிழல்களாக ஓடவிட்டவர் நளினி மலானி. 1946இல் கராச்சியில் பிறந்து, கைக்குழந்தையாகப் பிரிவினையைத் தாண்டி வந்தவர். அவருடைய நிழலாட்டத்தை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)